பிரிண்ட் திரையைப் போல வரவில்லையா? கோளாறு எங்கே என்று அறிகுறியை வைத்தே கண்டுபிடிக்கலாம்

மானிட்டரில் பார்த்த கலர் ஒன்று, பேப்பரில் வந்த கலர் வேறொன்று என்றதும் பலருடைய கை நேராக மானிட்டர் பட்டனுக்குத்தான் போகிறது. பிரிண்ட் சிவப்பாக வந்தால் மானிட்டரிலும் சிவப்பைக் கூட்டுவது, பிரிண்ட் வெளிறி வந்தால் மானிட்டரையும் வெளிற வைப்பது. தயவுசெய்து இதை மட்டும் செய்யாதீர்கள். அந்த ஒரு போட்டோவுக்கும் அந்த ஒரு பேப்பருக்கும் ஒத்துப்போகும், அடுத்த போட்டோவில் வேறு பக்கம் இழுக்கும், அப்புறம் அதே மானிட்டரை நம்பி கரெக்‌ஷன் செய்து லேபுக்கு அனுப்பிய கல்யாண ஆல்பம் மொத்தமும் கெட்டு வரும். மானிட்டரைத் தனியாக அதற்குரிய அளவுக்குக் கொண்டுவர வேண்டும், பிரிண்டரைத் தனியாக அதற்குரிய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டையும் பேச வைப்பது ஐசிசி ப்ரொஃபைலின் (ஒரு கருவி அல்லது பேப்பர் நிறங்களை எப்படிக் காட்டும் என்று சொல்லும் சின்ன ஃபைல்) வேலை, நம் கண்ணின் வேலை இல்லை.

எப்சன் எல்805, எல்1800, எல்8050 போன்ற ஆறு கலர் இங்க் டேங்க் பிரிண்டரில் பிரிண்ட் போடும் சின்ன ஸ்டூடியோக்காரர்களையும், வீட்டிலேயே பிரிண்ட் எடுப்பவர்களையும் மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கேனன் வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும், டிரைவரில் பெயர்கள்தான் மாறும்.

முதலில்: கோளாறு எந்தப் பக்கம்?

இதைத் தெரிந்துகொள்ளாமல் கீழே உள்ள எதையும் தொடாதீர்கள். மனித முகங்கள், கறுப்பிலிருந்து வெள்ளை வரை போகும் சாம்பல் பட்டை, பழங்கள், கலர் கட்டங்கள் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிற மாதிரி, பிரிண்டர் டெஸ்ட் இமேஜ் என்று இலவசமாகவே இணையத்தில் கிடைக்கும். அதில் ஒன்றை இறக்கி, ஒரு புள்ளிகூட மாற்றாமல், நீங்கள் வழக்கமாகப் போடும் பேப்பரில் பிரிண்ட் எடுங்கள். காய விடுங்கள். பகல் நேரத்தில் நேர் வெயில் விழாத ஜன்னல் ஓரமாக எடுத்துப்போய் பாருங்கள், மானிட்டரைத் திரும்பிக்கூடப் பார்க்க வேண்டாம்.

சாம்பல் சாம்பலாக, முகம் முகமாகத் தெரிகிறதா? அப்படியானால் பிரிண்டர் நல்லபடியாக இருக்கிறது, பொய் சொல்வது மானிட்டர். சாம்பலில் பச்சையோ சிவப்போ ஏறியிருக்கிறதா? பிரிண்டர் பக்கம் பாருங்கள். டெஸ்ட் இமேஜ் பிரிண்டிலும் நன்றாக இருக்கிறது, திரையிலும் நன்றாக இருக்கிறது, உங்கள் போட்டோ மட்டும் கெட்டு வருகிறது என்றால் கோளாறு ஃபைலில்: தப்பான மானிட்டரில் முன்பு கரெக்‌ஷன் செய்ததாக இருக்கலாம், கலர் ஸ்பேஸ் (ஃபைலில் உள்ள எண்கள் எந்த நிறங்களைக் குறிக்கின்றன என்ற வரையறை) குழப்பமாக இருக்கலாம். இந்த ஒரு தாள் செலவழித்தால் வீணாகப் போகும் இங்க்கும் பேப்பரும் நிறைய மிச்சம்.

"திரையில் பளிச்சென்று இருக்கிறது, பிரிண்ட் இருட்டாக வருகிறது"

அதிகம் கேட்கப்படும் புகார் இதுதான், பெரும்பாலும் பிரிண்டர் மேல் ஒரு குற்றமும் இருக்காது. மானிட்டர் தானே ஒளி விடுகிறது, பேப்பர் தன் மேல் விழும் வெளிச்சத்தைத்தான் திருப்பித் தருகிறது. கடையில் வாங்கி வந்தபடியே ஓடும் மானிட்டர் சாதாரணமாக சதுர மீட்டருக்கு 250 முதல் 350 கேண்டெலா (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வரை வெளிச்சம் தரும். பிரிண்ட் வேலைக்கு வேண்டியது சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கேண்டெலாதான். மூன்று மடங்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கரெக்‌ஷன் செய்தால் இருட்டான போட்டோகூட சரியாகத்தான் தெரியும்.

கலரிமீட்டர் (மானிட்டரில் தொங்கவிட்டு வெளிச்சத்தையும் நிறத்தையும் அளக்கும் கருவி) இருந்தால் அதிலேயே அளந்துவிடலாம். இல்லாதவர்களுக்கு கையில் இருக்கும் கேமராவே மீட்டர். திரை முழுக்க வெறும் வெள்ளையைத் திறந்து வையுங்கள், அறை விளக்கை அணையுங்கள், கேமராவை மேனுவல் மோடில் ஐஎஸ்ஓ 100, அப்பர்ச்சர் எஃப் 5.6 என்று வைத்து, வெள்ளை மட்டும் ஃப்ரேமை நிறைக்கும்படி கிட்டே போய், ஃபோகஸைக் கலைத்துவிட்டு, மீட்டர் ஊசி நடுவில் நிற்கும் ஷட்டர் வேகத்தைப் பாருங்கள். 1/30 என்று காட்டினால் ஏறக்குறைய 120 கேண்டெலா. 1/20 என்றால் 80. 1/80 காட்டினால் 300ஐத் தாண்டிவிட்டது, அதுதான் உங்கள் இருட்டுப் பிரிண்டுக்குக் காரணம். மானிட்டரின் பிரைட்னஸை இறக்கிக்கொண்டே வந்து 1/30க்கும் 1/20க்கும் நடுவில் நிறுத்துங்கள். கான்ட்ராஸ்ட் பட்டனைத் தொடாதீர்கள், பிரைட்னஸ் மட்டும்.

இதோடு விடாமல் இன்னொன்றும் செய்யுங்கள். பிரிண்ட் ஆகாத வெற்று போட்டோ பேப்பர் ஒன்றை, நீங்கள் பிரிண்டை எந்த இடத்தில் எந்த விளக்கின் கீழ் பார்ப்பீர்களோ அங்கே வைத்து அதே செட்டிங்கில் அளந்து பாருங்கள். திரை 1/30 காட்டி பேப்பர் 1/8 காட்டினால், அந்த விளக்கின் கீழ் எந்தப் பிரிண்டும் இருட்டாகத்தான் தெரியும். பிரிண்ட் பார்ப்பதற்கான ஐஎஸ்ஓ 3664 தரம் கூர்ந்து ஒப்பிட 2000 லக்ஸ், சாதாரணமாகப் பார்க்க 500 லக்ஸ் (ஒரு பரப்பின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு) வெளிச்சம் கேட்கிறது. ஒரே ஒரு டியூப்லைட் எரியும் அறையில் மேஜை மேல் 500 லக்ஸ் விழுவது அபூர்வம். ஆகவே மேஜைக்கு ஒரு நல்ல விளக்கு போடுங்கள், அல்லது திரையை இன்னும் கொஞ்சம் இறக்குங்கள். இரண்டு அளவும் கிட்டத்தட்ட ஒன்றாக வந்துவிட்டால் பாதிப் பிரச்சினை அங்கேயே முடிந்தது.

பிரைட்னஸைக் குறைத்ததும் பழைய போட்டோக்கள் எல்லாம் திரையில் மங்கலாகத் தெரியும், பயந்து மறுபடி ஏற்றிவிடாதீர்கள். அவை முன்பிருந்தே மங்கலாகத்தான் இருந்தன, இப்போதுதான் மானிட்டர் உண்மையைக் காட்டுகிறது. எக்ஸ்போஷரை ஃபைலில் ஏற்றுங்கள்.

மொத்தமும் இருட்டில்லை, நிழல் பகுதி மட்டும் அடைத்துக்கொண்டு வருகிறது, அல்லது பிரிண்ட் உப்புச்சப்பில்லாமல் வெளிறி வருகிறது என்றால் எச்டிஎம்ஐ கேபிளில் போகும் சிக்னலைப் பாருங்கள். கிராஃபிக்ஸ் கார்டு செட்டிங்கில் ஃபுல் ரேஞ்ச், லிமிடெட் ரேஞ்ச் என்று இருக்கும்: ஒன்று 0 முதல் 255 வரை, மற்றது டிவிக்கான 16 முதல் 235 வரை. கார்டு லிமிடெட் அனுப்பி மானிட்டர் ஃபுல் எதிர்பார்த்தால் கறுப்பெல்லாம் சாம்பலாகத் தெரியும், நீங்கள் கறுப்பை அழுத்துவீர்கள், பிரிண்டில் தலைமுடியும் கோட்டும் ஒரே கட்டியாகிவிடும். தலைகீழாக இருந்தால் திரையில் நிழல் அடைத்துத் தெரியும், நீங்கள் தூக்கிவிடுவீர்கள், பிரிண்ட் வெளிறிவிடும். இரண்டு பக்கமும் ஃபுல் என்று வைத்தால் முடிந்தது.

"முகமெல்லாம் சிவந்து, கலர் கெட்டியாக அடித்துப் போட்ட மாதிரி வருகிறது"

விண்டோஸில் போட்டோஷாப்பிலிருந்து பிரிண்ட் போடுபவர்களுக்கு இது வந்தால், இரண்டு பேர் ஒரே வேலையைச் செய்கிறார்கள் என்று அர்த்தம். போட்டோஷாப் பேப்பர் ப்ரொஃபைலுக்குக் கலரை மாற்றி அனுப்புகிறது, பிரிண்டர் டிரைவர் அதைச் சாதாரண ஃபைல் என்று நினைத்து மறுபடி ஒருமுறை மாற்றுகிறது. மெஜந்தா தூக்கலாக, சாச்சுரேஷன் ஏறி, குங்குமமும் உதடும் ஒரே நிறத்தில் வரும்.

பிரிண்ட் விண்டோவில் கலர் ஹேண்ட்லிங் என்ற இடத்தில் "போட்டோஷாப் மேனேஜஸ் கலர்ஸ்" தேர்ந்தெடுத்து, கீழே பிரிண்டர் ப்ரொஃபைலில் உங்கள் பேப்பருக்குரியதை வையுங்கள். அங்கே எஸ்ஆர்ஜிபி (திரைகளுக்கான பொதுவான கலர் ஸ்பேஸ்) என்றோ மானிட்டர் ப்ரொஃபைலோ இருந்தால் அதுவே தப்பு, பலர் இங்கேதான் கோட்டை விடுகிறார்கள். அப்புறம் அதே விண்டோவில் பிரிண்ட் செட்டிங்ஸ் திறந்து டிரைவருக்குள் போங்கள். எப்சனில் கலர் கரெக்‌ஷன் பகுதியில் கஸ்டம், அட்வான்ஸ்டு என்று உள்ளே போய் "நோ கலர் அட்ஜஸ்ட்மென்ட்". கேனனில் மெயின் டேபில் கலர் இன்டென்சிட்டியை மேனுவல் ஆக்கி, செட் அழுத்தி, மேட்சிங் டேபில் "நன்". மேக்கில் போட்டோஷாப் கலரைக் கையில் எடுத்துக்கொண்டதும் டிரைவரின் கலர் பகுதி தானாக அணைந்துவிடும், அதனால் அங்கே இந்தக் கோளாறு குறைவு.

இந்த டிரைவர் செட்டிங்கை ஒரு பெயர் கொடுத்து ப்ரீசெட்டாகச் சேமித்துவிடுங்கள், பேப்பருக்கு ஒன்று என்று. ஒவ்வொரு முறையும் கையால் வைத்தால், ஒரு நாள் டிரைவர் பழைய நிலைக்குத் திரும்பியதைக் கவனிக்காமல் பத்துத் தாள் ஓடியிருக்கும்.

தலைகீழ் நிலையும் உண்டு: போட்டோஷாப்பில் "பிரிண்டர் மேனேஜஸ் கலர்ஸ்" வைத்துவிட்டு டிரைவரிலும் கலரை அணைத்துவைப்பது. அப்போது யாருமே கவனிக்காமல் கலர் தன் இஷ்டத்துக்கு வரும். ஒருவர்தான் பார்க்க வேண்டும், ஒருவராவது பார்க்க வேண்டும்.

"எந்தப் போட்டோ போட்டாலும் ஒரே சாயல் ஏறுகிறது"

செட்டிங் எல்லாம் சரி, நாஸில் (இங்க் தெளிக்கும் நுண்துளைகள்) சரி, ஆனாலும் எல்லாவற்றிலும் லேசாக ஒரு பச்சை, அல்லது ஒரு சிவப்பு. பாட்டிலையும் பேப்பர் பாக்கெட்டையும் எடுத்துப் பாருங்கள். டிரைவரோடு வரும் ப்ரொஃபைல்கள் அந்தக் கம்பெனி இங்க்கும் அந்தக் கம்பெனி பேப்பரும் சேர்ந்தால் என்ன வரும் என்பதை அளந்து செய்தவை. விலை குறைவு என்று கம்பேட்டிபிள் இங்க் ஊற்றி, பெயரில்லாத 180 ஜிஎஸ்எம் கிளாஸி போட்டால் அந்தக் கணக்கு பொருந்தாது. கம்பேட்டிபிள் இங்க்கை நான் குறை சொல்லவில்லை, வியாபாரக் கணக்கு எனக்கும் தெரியும், ஆனால் அதற்கென்று தனி ப்ரொஃபைல் வேண்டும். பழைய இங்க்கோடு புதிய கம்பெனி இங்க்கைக் கலந்து ஊற்றினால் எந்த ப்ரொஃபைலும் காப்பாற்றாது.

தனி ப்ரொஃபைல் என்றால் இப்படித்தான்: நூற்றுக்கணக்கான கலர் கட்டங்கள் உள்ள சார்ட்டை எந்தக் கலர் திருத்தமும் இல்லாமல் பிரிண்ட் எடுத்து, ஒரு நாள் முழுக்க காய வைத்து, ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டரால் (பேப்பரில் உள்ள நிறத்தை அளக்கும் கருவி) அளப்பது. மானிட்டரில் தொங்கவிடும் கலரிமீட்டரால் பேப்பரை அளக்க முடியாது, இது தெரியாமல் வாங்கிவிட்டு ஏமாறுபவர்கள் நிறைய. கருவி விலை அதிகம் என்பதால் சார்ட்டை பிரிண்ட் எடுத்து அனுப்பினால் கட்டணத்துக்கு அளந்து ப்ரொஃபைல் செய்து தருபவர்களிடம் கொடுப்பதே லாபம். ஒரே இங்க், ஒரே பேப்பர் என்று நிலையாக இருப்பவருக்கு இந்தச் செலவைப் போல் பயன்தரும் செலவு வேறில்லை. வாரத்துக்கு ஒரு பேப்பர் மாற்றுபவருக்கு இது வீண்.

பேப்பர் டைப்பும் இங்கேதான் வரும். கிளாஸி பேப்பரைப் போட்டுவிட்டு டிரைவரில் ப்ளெயின் பேப்பர் என்று விட்டால் இங்க் அளவே மாறிவிடும், கலர் செத்து வரும். மெல்லிய பேப்பருக்கு ப்ரீமியம் கிளாஸி என்று சொன்னால் இங்க் தேங்கி நிழல் பகுதியில் திட்டுத்திட்டாக நிற்கும்.

"முகம் பச்சையடிக்கிறது, கோடு கோடாக இருக்கிறது"

ப்ரொஃபைலை மறந்துவிட்டு நாஸில் செக் எடுங்கள். இந்த எப்சன்களின் ஆறு கலரில் லைட் மெஜந்தா, லைட் சயான் என்று இரண்டு உண்டு, தோல் நிறத்தில் லைட் மெஜந்தாவின் பங்கு பெரியது. அதில் சில துளைகள் அடைத்தாலே முகம் பச்சைக்குச் சாயும், மற்ற இடமெல்லாம் ஒழுங்காக இருக்கிற மாதிரியே தெரியும். மெஜந்தா மொத்தமும் நின்றால் படமே பச்சை, சயான் நின்றால் சிவப்பு, மஞ்சள் நின்றால் நீலம்.

நாஸில் செக் தாளில் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் இருக்கும், ஒவ்வொரு கோடும் ஒரு துளை. விளக்கடியில் வைத்து ஒவ்வொரு கட்டமாகப் பாருங்கள், ஒரு கோடு விட்டுப்போயிருந்தாலும் கணக்குதான். மஞ்சள் கட்டம் வெள்ளைத் தாளில் கண்ணுக்கே தெரியாது, அதற்கு ஒரு வழி: செல்போன் திரையில் முழு நீலப் படம் ஒன்றைத் திறந்து, அறையை இருட்டாக்கி, அந்த நீல வெளிச்சத்தில் தாளைப் பிடியுங்கள். மஞ்சள் கோடுகள் கருத்துத் தெரியும், விட்டுப்போனது உடனே தெரிந்துவிடும்.

ஹெட் கிளீனிங் இரண்டு மூன்று முறைக்கு மேல் தொடர்ந்து போடாதீர்கள். இங்க் எல்லாம் கழிவை உறிஞ்சும் வேஸ்ட் பேடுக்குப் போகும், அடைப்பு போகாது. அணைத்து ஒரு ராத்திரி விட்டு மறுநாள் மறுபடி பார்த்தால் பல சமயம் தானே திறந்திருக்கும். வாரம் ஒரு சின்னக் கலர் பிரிண்டாவது ஓட்டுங்கள், வெயில் காலத்தில் இது கட்டாயம்.

"எல்லாம் சரி, அந்தப் புடவை கலர் மட்டும் வரவே இல்லை"

ராணி பிங்க், மயில் கழுத்து, கிளிப்பச்சை, ராயல் ப்ளூ. கல்யாணப் போட்டோ பிரிண்ட் போடும் எவருக்கும் இந்த வரிசை பழக்கம். பட்டு இழையின் பளபளப்பை ஒளி விடும் திரை காட்டிவிடும், இங்க்கால் அந்த அளவு போக முடியாது. பிரிண்டரின் எல்லைக்கு வெளியே உள்ள நிறம் எல்லைக்குள் இழுக்கப்படும்போது புடவை மங்குவதோடு இன்னொன்றும் நடக்கும்: மடிப்பின் மேடு, பள்ளம், இழையோட்டம் எல்லாம் ஒரே அழுத்தமான நிறமாகி, முந்தானை ஒரு தட்டையான திட்டாக வந்து நிற்கும். மணப்பெண் வீட்டார் "கலர் வேறயா இருக்கே" என்று சொல்வது பாதி இந்தத் தட்டைத்தனத்தைத்தான்.

இதற்கு கேலிப்ரேஷன் (மானிட்டரை அளந்து சரிசெய்வது) மருந்தில்லை, சாஃப்ட் ப்ரூஃப்தான்: பேப்பரில் எப்படி வரும் என்பதை முன்கூட்டியே திரையில் பார்ப்பது. போட்டோஷாப்பில் வியூ, ப்ரூஃப் செட்டப், கஸ்டம் போய் உங்கள் பேப்பர் ப்ரொஃபைலை வைத்து, பிளாக் பாயின்ட் காம்பென்சேஷனை டிக் செய்யுங்கள். கன்ட்ரோல் ஒய் அழுத்தி அழுத்தி முன்னும் பின்னும் பாருங்கள். கன்ட்ரோல் ஷிஃப்ட் ஒய் அழுத்தினால் பேப்பரில் வராத இடங்கள் சாம்பலாகக் காட்டப்படும். லைட்ரூம்காரர்களுக்கு டெவலப்பில் எஸ் கீ. பிரிண்டரின் எல்லைக்கு வெளியே உள்ள நிறங்களை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று சொல்லும் ரெண்டரிங் இன்டென்ட்டில் ரிலேட்டிவ், பெர்செப்சுவல் இரண்டையும் மாற்றிப் பாருங்கள்: ரிலேட்டிவ் மற்ற நிறங்களை அப்படியே விட்டுவிட்டு எல்லை தாண்டியதை மட்டும் வெட்டும், பெர்செப்சுவல் எல்லாவற்றையும் சேர்த்துச் சுருக்கும். முகம் முக்கியமான படத்துக்கு ரிலேட்டிவ், புடவைக் கடை விளம்பரத்துக்கு பெர்செப்சுவல் என்று தொடங்குவது என் வழக்கம், படத்தைப் பார்த்துத்தான் முடிவு.

அப்புறம் ப்ரூஃப் ஆன் ஆகியிருக்கும்போதே, ஹ்யூ சாச்சுரேஷனில் அந்த ஒரு நிறத்தை மட்டும் பிடித்து சாச்சுரேஷனைக் கொஞ்சம் இறக்குங்கள், லைட்னஸைக் கொஞ்சம் ஏற்றி இறக்குங்கள், மடிப்புகள் திரும்பி வரும்வரை. நிறம் அரைப்படி குறைந்தாலும் துணி துணியாகத் தெரிந்தால் பார்ப்பவர் கண் ஒப்புக்கொள்ளும். புடவையின் சிவப்பு சேனல் ரா ஃபைலை (கேமராவின் மூல ஃபைல்) கன்வெர்ட் செய்யும்போது வெட்டுப்பட்டிருந்தால் அந்தக் கட்டத்திலேயே மீட்க வேண்டும், பிரிண்ட் கட்டத்தில் ஒன்றும் செய்ய முடியாது.

மலிவான லேப்டாப்பில் 45 சதவீத என்டிஎஸ்சி (திரை காட்டும் நிறங்களின் பரப்பைச் சொல்லும் அளவு) என்று போட்டிருக்கும் திரையில் இந்த வேலையைச் செய்ய முயலாதீர்கள். அந்தத் திரையே எஸ்ஆர்ஜிபியில் அறுபது சதவீதம் அளவுக்குத்தான் காட்டும், சில நிறங்களில் பிரிண்டரே அதைவிட மேல்.

"பிரிண்ட் மஞ்சளாகத் தெரிகிறது"

டெஸ்ட் இமேஜ் ஜன்னல் ஓரத்தில் நன்றாக இருந்ததா? அப்படியானால் திரைதான் நீலம். பல மானிட்டர்கள் கண்ணைப் பறிக்கக் குளிர்ந்த நீல வெள்ளையோடு வருகின்றன. மெனுவில் 6500 கெல்வின் அல்லது எஸ்ஆர்ஜிபி மோடு, டைனமிக் கான்ட்ராஸ்ட், ஈகோ மோடு எல்லாம் ஆஃப். கலரிமீட்டர் இருந்தால் மானிட்டர் அரை மணி நேரம் சூடான பிறகு, வெள்ளை டி65 (ஏறக்குறைய 6500 கெல்வின்), காமா 2.2, வெளிச்சம் 100 கேண்டெலா என்று இலக்கு வைத்து ஓட்டுங்கள். டிஸ்ப்ளேகேல் என்ற இலவச மென்பொருள் பல கருவிகளோடு வேலை செய்யும்.

"பிளாக் அண்ட் ஒயிட் பிரிண்டில் கலர் ஏறுகிறது"

பகலில் சாம்பல், ராத்திரி எல்ஈடி பல்பில் பச்சை அல்லது இளஞ்சிவப்பு என்றால் பிரிண்டைக் குறை சொல்ல வேண்டாம், அது விளக்கின் வேலை. சிஆர்ஐ (விளக்கு நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 90க்கு மேல் உள்ள விளக்கு போட்டால் பெரிதும் அடங்கும். எல்லா வெளிச்சத்திலும் ஒரே சாயல் என்றால் இங்க், பேப்பர், ப்ரொஃபைல் பக்கம் போங்கள். மேலே சொன்ன எப்சன் ஆறு கலர் பிரிண்டர்களில் சாம்பல் இங்க் கிடையாது, கலர்களைக் கலந்துதான் சாம்பல் செய்கிறது, ஆகவே முழுச் சுத்தமான சாம்பல் கஷ்டம். அடிக்கடி இந்த வேலை வருபவர்கள் கேனன் ப்ரோ 300 மாதிரி கிரே இங்க் உள்ள பிரிண்டர் பக்கம் போகலாம். இல்லாவிட்டால் படத்துக்கே லேசான ஒரு வெதுவெதுப்பான டோன் கொடுத்துவிடுங்கள், சாயல் தப்பாகத் தெரியாது.

"வீட்டில் சரியாக வருவது லேபில் கெடுகிறது"

மங்கி, உயிரில்லாமல் வந்தால் எஸ்ஆர்ஜிபியைவிட விரிந்த கலர் ஸ்பேஸான அடோபி ஆர்ஜிபியில் அனுப்பியிருப்பீர்கள். பெரும்பாலான லேப்கள் எதிர்பார்ப்பது எஸ்ஆர்ஜிபி, 8 பிட் ஜேபெக். கன்வெர்ட் டு ப்ரொஃபைல் செய்து அனுப்புங்கள், அசைன் ப்ரொஃபைல் செய்யாதீர்கள், அசைன் என்பது எண்களை அப்படியே விட்டுவிட்டு பெயரை மட்டும் மாற்றும், கலர் உடனே இடம் மாறிவிடும்.

லேபில் உள்ளவர் நல்ல எண்ணத்தில் கொஞ்சம் பிரைட் ஏற்றி, கொஞ்சம் மஞ்சள் குறைத்து அடிப்பதும் நடக்கும். "நோ கரெக்‌ஷன்" என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். ஆல்பம் போடுவதற்கு முன் பத்து முகங்களை, இரண்டு புடவைகளை, ஒரு சாம்பல் பட்டையைப் பட்டை பட்டையாக ஒரே 12க்கு 18 ஷீட்டில் அடுக்கி அதே பேப்பரில், அதே லேமினேஷனோடு ஒரு டெஸ்ட் எடுங்கள். மேட் லேமினேஷன் ஏறினால் கறுப்பு வெளிறும், அதை லேமினேஷன் இல்லாத டெஸ்டில் பார்க்க முடியாது.

"போட்டோஷாப்பில் ஒரு கலர், மற்ற வியூவரில் வேறு கலர்"

ஒன்று ப்ரொஃபைலைப் படிக்கிறது, மற்றது படிக்கவில்லை. பிரிண்டுக்கு போட்டோஷாப்பை நம்புங்கள். எல்லா வெள்ளையும் மஞ்சளடித்துத் தெரிந்தால் விண்டோஸில் மானிட்டருக்கு வந்து ஒட்டிக்கொண்ட ப்ரொஃபைல் கெட்டது. கலர் மேனேஜ்மென்ட் திறந்து அதை நீக்கி எஸ்ஆர்ஜிபி வைத்துவிட்டு, அப்புறம் கேலிப்ரேட் செய்யுங்கள்.

"நேற்று வரை சரியாக வந்தது"

நைட் லைட், மேக்கில் ட்ரூ டோன், திரையின் எச்டிஆர்: இந்த மூன்றையும் முதலில் பாருங்கள், சாயங்காலம் ஆறு மணிக்குத் தானாக வந்து உட்காரும் நைட் லைட்தான் பல சமயம் ஆள். அடுத்து டிரைவர் அப்டேட் ஆனதா, ப்ரீசெட் போய்விட்டதா, பேப்பர் புது பாக்கெட்டா, டேங்கில் இங்க் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று வரிசையாகப் போங்கள். எல்லாம் சரியாக இருந்தும் காரணம் பிடிபடவில்லை என்றால், நன்றாக வந்த காலத்தில் எடுத்த அந்த டெஸ்ட் இமேஜ் பிரிண்டை வெயில் படாமல் உறையில் வைத்திருப்பீர்கள் அல்லவா, அதே ஃபைலை இன்று மறுபடி ஓட்டிப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் மானிட்டரை மறுபடி கேலிப்ரேட் செய்யுங்கள், வேறாக இருந்தால் நாஸில் செக்கிலிருந்து தொடங்குங்கள்.